பொய்கைச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பது போல: பழைய பாரன் விமானத்துக்கு விலை சொன்ன மதிப்பீட்டாளர்

சேவை: பழைய சிறு விமானங்களுக்கு விலை மதிப்பிட்டுத் தருவது, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம்
கட்டணம்: 900 டாலர், வந்துபோகும் செலவு தனி
என் மதிப்பெண்: ஐந்துக்கு நாலரை

காட்பாடி காந்தி நகரில் உட்கார்ந்துகொண்டு டெக்சஸில் இருக்கும் விமானத்துக்கு விமர்சனமா என்று கேட்பீர்கள். விமானம் என் அக்கா மகனுடையது. அவன் இங்கே படித்துவிட்டு அங்கே போய் டாக்டரானவன். நான் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் டியு-142 விமானங்களுக்கு அடியில் படுத்து வேலை செய்து ஓய்வு பெற்றவன். குடும்பத்தில் பறக்கிற சாமான் எது ரிப்பேர் ஆனாலும், பேரனின் ட்ரோன் உட்பட, என்னிடம்தான் வரும்.

மருமகனிடம் இருந்தது பீச்கிராஃப்ட் பாரன் பி55. 1974-இல் செய்தது. இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் 260 குதிரைத்திறன், கான்டினென்டல் ஐஓ-470-எல். பத்து வருடம் ஆசையாக ஓட்டினான். என்றாவது ஒருநாள் நம் அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் அதைக் கொண்டுவந்து இறக்குவேன், அம்மாவை மொட்டை மாடியில் நிற்கச் சொல்லுங்கள் மாமா என்பான். அந்த ஓடுதளமோ, சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டம் வரும் வரும் என்று வருடக்கணக்காகக் காத்துக்கிடந்தது, அது வேறு கதை. அதற்குள் இவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஊரில் ஸ்டென்ட் வைத்தால் விமானிக்கான மருத்துவச் சான்றுக்கு மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். "போதும் மாமா, வித்துடலாம்" என்றான்.

முதலில் ஒரு தரகரிடம் போனான். பெயர் வேண்டாம். அவர் ஹேங்கருக்கு, அதாவது விமானம் நிற்கும் கொட்டகைக்கு, வந்து பளபளவென்று படம் எடுத்து, 1,85,000 டாலர் போகும் என்றார். ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆறு மாதத்தில் வந்தது மூன்று போன். நேரில் ஒரு ஆள் வரவில்லை. மாதா மாதம், "பத்தாயிரம் குறைச்சுப் பார்க்கலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். ஹேங்கர் வாடகை மாதம் 420, இன்சூரன்ஸ் தனி. விமானம் நின்றுகொண்டே இருந்தது.

என் அப்பா பொய்கை மாட்டுச் சந்தையில் தரகர். செவ்வாய்க்கிழமை தவறாமல் விடியற்காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதை அவர் மடியருகே நின்று பார்த்து வளர்ந்தவன் நான். அவர் தொழிலைப் பற்றி அவரே சொல்வது இது: "தரகு வாங்கறவன் சொல்ற வெல, அவனோட வெலடா. மாட்டோட வெல பல்லுல இருக்குது." மருமகனிடம் இதைச் சொன்னேன். "அப்போ விமானத்துக்குப் பல் எங்க இருக்கு மாமா?" என்றான். லாக்புக்கில் என்றேன், விமானம் ஓடிய மணியும் செய்த ரிப்பேரும் எழுதி வைக்கும் புத்தகத்தில்.

மறுநாளே ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டான், 640 பக்கம். போன் திரையில் படித்தால் கண் போய்விடும் என்று விஐடி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போட வரிசையில் நின்றார்கள். கடைப் பையன் முதல் நாலு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அங்கிள், இது யாரோட ப்ராஜெக்ட்? கையெழுத்து புரியவே இல்ல" என்றான். மூன்று ஸ்பைரல் புத்தகமாகப் போட்டுக் கொடுத்தான். அதை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பத்து நாள் படித்தேன்.

இரண்டு விஷயம் உறுத்தியது. 1983-க்கும் 1986-க்கும் நடுவில் ஒரு புத்தகமே காணோம். அப்புறம், 1991-இல் ஒரே நாள் தேதியில் இரண்டு ப்ரொப்பல்லரும் புதிது, பிளாப் (தரையிறங்கும்போது இறக்கையின் பின்னால் இறக்கும் மடிப்பு) இரண்டும் புதிது, வயிற்றுத் தகடு மாற்றம். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. விமான வேலை பார்த்த யாருக்கும் இது புரியும். சக்கரம் இறங்காமலோ மடங்கியோ வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. தரகர் போட்ட விளம்பரத்தில் 'விபத்து வரலாறு இல்லை' என்று இருந்தது.

இதற்குப் பிறகுதான் இந்த மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடித்தோம். அறுபதைத் தாண்டிய ஆள். விமானத்தை விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. விலை என்னவாக இருந்தாலும் அவருக்கு அதே 900 டாலர். எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

அவர் வந்த நாள் ஆடி மாதம். அங்கே காலை ஒன்பது, இங்கே ராத்திரி ஏழரை. மருமகன் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டான், நான் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தேன். வந்தவர் விமானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேஜையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் லாக்புக் படித்தார். பெயின்ட் எப்படி இருக்கிறது என்று மருமகன் கேட்டதற்கு, "பெயின்ட்டைக் கடைசியில் பார்க்கலாம்" என்றார். சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவார்கள் எங்கள் ஊரில். அப்பா கொம்புப் பக்கமே போக மாட்டார்.

1991 விஷயத்தை நான் சொல்வதற்கு முன் அவரே எடுத்தார். விமானத்தின் பதிவு எண்ணைக் கொடுத்து ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் விமானப் பதிவகத்திலிருந்து முழு ஆவணத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். பெரிய ரிப்பேர் செய்தால் அந்த ஊரில் 337 என்ற படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் எல்லாம் இருந்தது: சக்கரம் மடங்கியது, மாற்றிய தகடு, தட்டிய ரிவெட் வரை. பழைய பாரன்களில் இது அதிசயமில்லையாம். 1984-க்கு முந்தைய விமானங்களில் சக்கர சுவிட்சும் பிளாப் சுவிட்சும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறாக இடம் மாறி இருக்கும். தரையிறங்கி ஓடும்போது பிளாப்பை ஏற்றுவதாக நினைத்து சக்கரத்தை மடக்கிய விமானிகள் நிறையப் பேர். "முப்பத்து மூன்று வருடம் ஆகிறது, ரிப்பேர் சுத்தமாக இருக்கிறது, இதற்கு விலையில் கொஞ்சம்தான் குறையும். ஒளித்தால்தான் நிறையக் குறையும்" என்றார்.

அப்புறம் எஞ்சின். ஒரு மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தார். எண்பது பவுண்டு அழுத்தக் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். வலது எஞ்சினில் ஆறும் எழுபதுக்கு மேல். இடது எஞ்சினில் 74, 72, 71, 75 என்று வந்துகொண்டிருந்தது, ஐந்தாவது சிலிண்டரில் 58. ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை உள்ளே விட்டார்கள். எக்ஸாஸ்ட் வால்வு திரையில் தெரிந்தது. நல்ல வால்வு என்றால், கல்லில் நன்றாக வெந்த ஊத்தப்பம் மாதிரி, நடுவிலிருந்து விளிம்பு வரை வட்டம் வட்டமாக நிறம் ஒரே சீராக இருக்கும். இதில் வட்டம் ஒரு பக்கம் ஒதுங்கி, ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பிறை. அந்த ஓரம்தான் கருகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிறையைக் காட்பாடி மாடியில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் "ஒத்தப் பல் ஆடுதுடா" என்றிருப்பார்.

விலை போட்ட முறையைச் சொல்லிவிடுகிறேன், விற்கிறவர்களுக்கு உதவும். வ்ரெஃப், புளூபுக் என்று பழைய விமான விலைக்கு அங்கே வழிகாட்டிகள் உண்டு. அவை சொல்வது சராசரி விமானத்தின் விலை, அதாவது எஞ்சின் பாதி ஆயுளில் இருப்பதாக வைத்துக்கொண்டு. இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் ஓவர்ஹால் கெடு, அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய கெடு, 1,500 மணி, அப்படியென்றால் நடு 750. இடது எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பிறகு 1,180 மணி ஓடியிருந்தது, வலது 410. ஓர் எஞ்சினை ஓவர்ஹால் செய்ய அந்த வட்டாரப் பட்டறையில் 45,000 டாலர் சொன்னார்கள். மணிக்கு 30 டாலர். இடதுக்கு 12,900 கழி, வலதுக்கு 10,200 கூட்டு. பார்த்தால் ஏறக்குறைய சரியாகிவிட்டது மாதிரி தெரியும். அங்கேதான் அவர் நிறுத்தினார். இடது எஞ்சின் ஓவர்ஹால் ஆனது 2004-இல். மணிக்கணக்கு போக, பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஓவர்ஹால் என்ற கணக்கும் உண்டு. தனியார் விமானத்துக்கு இந்தக் கெடு சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் வாங்குகிறவன் மனதில் அந்த எஞ்சின் இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் ஓடும். அதனால் இடது எஞ்சினின் மிச்ச மணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்கவில்லை.

ஒற்றை எஞ்சின் விமானத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான். இரண்டு எஞ்சினையும் ஓவர்ஹால் செய்தால் 90,000 டாலர். அந்தப் பணத்துக்குச் சில பழைய விமானங்களையே வாங்கிவிடலாம். இரண்டும் ஆயுள் முடிந்த நிலையில் இருந்தால் விமானத்தை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

தோல் சீட் விஷயத்தில் மருமகன் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. நாலு வருடம் முன் ஊருக்கு வந்தபோது ராணிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் தோல் தொழிற்சாலையிலிருந்து அருமையான தோல் வாங்கிப் போய் சீட்டுக்கெல்லாம் தைத்திருந்தான். மதிப்பீட்டாளர் தடவிப் பார்த்து, நல்ல தோல் என்றார். உடனே, தீச்சோதனைச் சான்று எங்கே என்றார். விமானத்துக்குள் போடும் துணியும் தோலும் நெருப்பைத் தாங்க வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லை. "ராணிப்பேட்டைத் தோலுக்கா சர்டிபிகேட் கேக்கறாரு?" என்று அக்காவுக்குக் கோபம். மிச்சம் இருந்த தோல் துண்டை லேபுக்கு அனுப்பி, சான்று வாங்கி லாக்புக்கில் ஒட்டினான்.

அறிக்கை வந்தது. 31 பக்கம். விலை 1,18,000 டாலர். தரகர் சொன்னதற்கும் இதற்கும் 67,000 வித்தியாசம். மருமகன் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை, நான்தான் விலையைக் குறைத்தது மாதிரி. ஆனால் அறிக்கையோடு அவர் சொன்ன யோசனைதான் 900 டாலருக்கு மேல் மதிப்பு. ஐந்தாவது சிலிண்டரை மட்டும் மாற்று. எஞ்சினை ஓவர்ஹால் செய்யாதே, போட்டதில் பாதிகூடத் திரும்பாது. பெயின்ட் அடிக்காதே. வாரம் ஒரு முறையாவது யாரையாவது வைத்துப் பறக்கவிடு, நிற்கிற எஞ்சினில் சிலிண்டர் துருப்பிடிக்கும். 1991 விபத்தை விளம்பரத்தின் இரண்டாவது வரியிலேயே எழுது. பதிவக ஆவணத்தில் 1988-இல் ஒரு வங்கி கொடுத்த கடன் இன்னும் அடைக்காத மாதிரியே நிற்கிறது, முதலில் அதைத் தீர்.

அந்தக் கடைசி வேலை மூன்று வாரம் இழுத்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது, விடுவிப்புக் கடிதம்தான் பதிவாகவில்லை. கடன் கொடுத்த வங்கியோ வேறு வங்கியோடு சேர்ந்து, அதுவும் இன்னொன்றோடு சேர்ந்திருந்தது. நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்காமல் மனை வாங்குவோமா? அதே கதைதான்.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், 31 பக்கத்தில் முதல் ஒன்பது பக்கம் 'இதற்கு நான் பொறுப்பல்ல, அதற்கு நான் பொறுப்பல்ல' என்பதுதான். படங்களும் மங்கல். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அனுப்பினார். காணாமல் போன லாக்புக்குக்கு எவ்வளவு கழித்தார் என்று நான் கேட்டதற்கு, அது அனுபவத்தில் போட்டது என்று ஒரு வரிப் பதில். அனுபவம் சரி, கணக்கைக் காட்டியிருக்கலாம்.

ஆவணியில் 1,19,500 என்று விளம்பரம் போட்டோம். ஆடியிலேயே போடலாம் என்றான் மருமகன், அக்கா விடவில்லை. ஒன்பது நாளில் ஒரு விவசாயி வந்தார், நெப்ராஸ்காவிலிருந்து. சொந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து மறுபடி எல்லாச் சோதனையும். ஹீட்டரில் ஒரு குறை, எரிபொருள் வால்வில் கசிவு. 1,11,000-க்கு முடிந்தது. பணம் நடுவில் மூன்றாம் ஆளிடம் இருந்து, பத்திரம் பதிவானதும் கைமாறியது.

வாங்கியவர் போன வாரம் மருமகனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறார். லாக்புக்குகளை வரிசையாகப் படிக்க வேண்டும், ஜெராக்ஸ் பிரதி ஒன்று கிடைக்குமா என்று. மூன்று ஸ்பைரல் புத்தகமும் என் திண்ணையில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ், பைண்டிங் எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய் ஆனது, மருமகன் இன்னும் கொடுக்கவில்லை.