மேத்ஸ் ட்யூட்டரிங் சென்டர்: ஆன்சர் வாங்க போறவங்களுக்கு இல்ல

எங்க யூனிவர்சிட்டி கால்குலஸ் கோர்ஸ்ல ஹோம்வொர்க்குக்கு வெறும் விடை எழுதினா மார்க் வராது, ஸ்டெப்பும் வேணும் அது ஏன்னு காரணமும் வேணும், அதனால இந்த ஃப்ரீ ட்யூட்டரிங் சென்டர் இல்லாட்டி பாதி பேர் திண்டாடியிருப்போம். எக்ஸ் ஸ்கொயரையும் சைன் எக்ஸையும் பெருக்கி இன்டக்ரேட் பண்ற கணக்க நீட்டினேன், அங்க இருந்த ட்யூட்டர் அக்கா பேனாவையே தொடல, "எதை டிஃபரன்ஷியேட் பண்ணிட்டே போனா காணாம போகும்?"னு மட்டும் கேட்டாங்க. அட, எக்ஸ் ஸ்கொயர்தான், பை பார்ட்ஸ் (பெருக்கல்ல ஒண்ணை டிஃபரன்ஷியேட் பண்ணி இன்னொண்ணை இன்டக்ரேட் பண்ற முறை) ரெண்டு தடவை போட்டா முடிஞ்சுது. சீரிஸ்லயும் (முடிவே இல்லாம கூட்டிட்டே போற கணக்கு) அப்படித்தான், ரேஷியோ டெஸ்ட்ல (அடுத்தடுத்த உறுப்புகளோட விகிதம் எங்க போகுதுன்னு பாக்கறது) லிமிட் 1 வந்தா அந்த டெஸ்ட் ஒண்ணுமே சொல்லாது, 1/n-க்கும் 1 தான் 1/n²-க்கும் 1 தான், ஆனா முதல்தோட கூட்டுத்தொகை எல்லையில்லாம போய் டைவர்ஜ் ஆகும், ரெண்டாவது ஒரு எண்ணுல போய் நின்னு கன்வர்ஜ் ஆகும்னு போட்டு காட்டினாங்க, லெக்சர்ல இது சுத்தமா மண்டையில ஏறல.

குறைன்னா, சப்மிஷனுக்கு முந்தின நாள் போனா உக்கார இடம் இருக்காது. ட்யூட்டர் ஒருத்தர் மட்டும் கடகடன்னு அவரே போட்டு முடிச்சுட்டு "புரிஞ்சுதா"ம்பார் (எங்க புரியறது!). அவர் டைம்ல போகாதீங்க. போறப்போ நீங்க ட்ரை பண்ணின பேப்பரை எடுத்துட்டு போங்க, வெறுங்கையோட போனா திருப்பி அனுப்பிடுவாங்க. 5-க்கு 4.