சாயமா, ஸ்பிரேயா, சேறா? வாத்து வேட்டைப் புல்லைப் பழசாக்கும் வழிகள்

வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் பறவையின் கண்ணில் படாமல் ஒளிய, படகின் மேல் புல்பாய் போர்த்துவார்கள். புதுப் பாயைப் பிரித்ததும் வைக்கோல் போர் வாசனை வரும். நிறமும் அதேதான், பளிச் மஞ்சள். அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் பக்கம், நவம்பர் கடைசியில் தண்ணீர் கட்டிய நெல்வயலில் அப்படியொரு மஞ்சளைப் பார்க்கவே முடியாது. தாள் நனைந்து, பாதி அழுகி, சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கும். அதன் நடுவே புதுப்பாய் போர்த்திய படகு நின்றால், மேலே வட்டமடிக்கும் மல்லார்ட் வாத்து ஒரு சுற்றிலேயே திரும்பிப் போய்விடும்.

நான் இருப்பது அதே மாநிலத்துப் பென்டன்வில்லில். வேலை இடத்து நண்பருடன் நாலு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போய் மூன்று சீசன் பார்த்தாயிற்று. (இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் இந்த விளையாட்டை முடித்துவிட்டன. அர்க்கன்சாவில் மாநில லைசென்ஸோடு, மத்திய அரசின் வேட்டை அனுமதியான 25 டாலர் வாத்து ஸ்டாம்பும் வாங்கினால்தான் துப்பாக்கியைத் தொடலாம். மல்லார்ட் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு.) சுடுவது அவர். பாய்க்கு நிறம் ஏற்றுவது என் தலையில் விழுந்த வேலை. எல்லா வழியும் பார்த்துவிட்டேன்.

முதலில் பாய் எதனால் ஆனது என்று பாருங்கள். ராஃபியா என்பது ஒரு வகைப் பனையின் ஓலை நார். மழையில் நனைந்தால் அக்கம்பக்கத்துப் புல்லைப் போலவே அதுவும் கறுக்கும். பிளாஸ்டிக் புல் நனைந்தாலும் வெளுப்பாகவே நிற்கும், மேலே தண்ணீர் முத்து முத்தாக உட்கார்ந்து மின்னும். சாயம் பிடிக்காது, சேறும் நிற்காது. எடை குறைவு, பூஞ்சை வராது, பல வருஷம் வரும் என்பார்கள். வெயிலில் இரண்டு வருஷம் கிடந்த எங்கள் பாயைத் தொட்டால் நொறுங்கித் தண்ணீரில் உதிர்ந்தது. எனக்கு ராஃபியாதான்.

சாயம். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு ஓலையைச் சாயத்தில் முக்குவார்களே, அதே வேலைதான். கடையில் துணிக்கு விற்கும் ரிட் சாயம் போதும். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், ஒரு கப் உப்பு, பழுப்புச் சாயம், அதில் கரும்பச்சை ஒரு துளி. முதல் வருஷம் பன்னிரண்டு பாயையும் ஒரே டிரம்மில் ஒரே நேரம் ஊறவைத்தேன். காய்ந்ததும் பெயின்ட் அடித்த சுவர் மாதிரி ஒரே பழுப்பு. எந்தப் புல்வெளியும் அப்படி இருக்காது. இப்போது பாயைக் கத்தை கத்தையாகப் பிரித்து, ஒரு பங்கை ஐந்து நிமிஷம், ஒரு பங்கை இருபது நிமிஷம் முக்குகிறேன், மூன்றாவது பங்கை முக்குவதே இல்லை. பிறகு கலந்து கட்டுவேன். ஈரத்தில் பார்த்துப் பயப்படக் கூடாது, காய்ந்தால் இரண்டு படி வெளுத்துவிடும். சாயத்தின் பலம், நாருக்குள் இறங்கிவிடுவது. உரசினாலும் போகாது. பலவீனம், வீட்டுக் கொல்லையில் நின்று கண்ணளவில் நிறம் பார்ப்பது. நமக்கு நிறம் காட்டும் செல் மூன்று வகை, பறவைக்கு நான்கு. ஊதாவுக்கு அந்தப் பக்கமும் அதற்குக் கொஞ்சம் தெரியும். நம் கண்ணுக்குப் பொருந்தியது வாத்துக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது?

சேறு. சேற்றில் அந்தச் சந்தேகம் பெரிதாக எழுவதில்லை. எந்த வயலில் நிற்கிறோமோ அந்த வயலின் மண்ணையே வாளியில் எடுத்து, தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, பழைய துடைப்பத்தால் பாய் மேல் அறைய வேண்டும். காய்ந்ததும் உதறினால் கட்டி விழுந்து தூசு மட்டும் நாரில் தங்கும். நான் உட்கார்ந்து பார்த்தவரை, வாத்தை விரட்டுவது நிறத்தைவிட மினுமினுப்புதான். புதுநாரின் அந்தப் பளபளப்பைச் சேறு போல எதுவும் கொல்லாது. காசும் இல்லை. ஆனால் பாய் கனக்கும், நாலு மழைக்கு ஒருமுறை திரும்ப அறைய வேண்டும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை நாற்றம் காருக்குள் ஒரு மாதம் இருக்கும்.

ஸ்பிரே பெயின்ட். அவசரக்காரர்களின் வழி. மினுக்காத வகையாக இருந்தால் மட்டும். முழுப்பாயிலும் அடித்தால் நார் விறைத்து, காற்றில் ஆடாமல் நிற்கும். வளைந்த இடத்தில் பெயின்ட் உரியும். பத்து டிகிரிக்குக் கீழே சரியாகக் காயவும் காயாது, சீசனில் அந்தக் குளிர்தான் இருக்கும். ஒரே ஒரு இடத்தில் இது மற்ற இரண்டையும் ஜெயிக்கும்: தண்ணீரைத் தொடும் அடித்தண்டு. நிஜப்புல் அங்கே கறுப்பாகவும் நுனியில் வெளுப்பாகவும் இருக்கும். ஒரு அடி தள்ளிப் பிடித்து, அடியில் மட்டும் கோடு கோடாகக் கரும்பழுப்பு அடித்தால் அந்த ஆழம் வந்துவிடும்.

வெயிலில் போட்டு வைப்பது ஓசி. ஆகஸ்டில் புல்தரையில் விரித்தால் சீசனுக்குள் மஞ்சள் செத்துவிடும். எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ‘குப்பையை அகற்றவும்’ என்று கடிதம் வந்தது, அது தனிக்கதை.

அங்கேயே சம்பும் நாணலும் வெட்டிச் செருகினால் என்ன என்று கேட்பீர்கள். அதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஆனால் வேட்டைக்குத் திறந்துவிடும் பொது நிலங்கள் பலவற்றில் செடி வெட்டத் தடை உண்டு. வெட்டினாலும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். லூசியானாவில் மிசிசிப்பி முகத்துவாரத்து நாணல் காடு, ஆசியாவிலிருந்து வந்த செதில் பூச்சியால் பல இடங்களில் பட்டுப்போனது. வெட்டிய நாணலோடு பூச்சியும் பயணம் போகும் என்று வேட்டைக்காரர்களை எச்சரித்தார்கள்.

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரமென்றால் சேறு. இரண்டு மாதம் இருந்தால் வெயிலில் தொடங்கி, அக்டோபரில் பாதிக் கத்தைக்குச் சாயம் ஏற்றி, மிச்சத்தை வயலுக்குப் போய்ச் சேற்றில் முடிப்பேன். ஒரு ஸ்பிரே டப்பா அடித்தண்டுக்கும் இன்ஜின் மூடிக்கும் போதும். எதைப் பூசினாலும் அது காய்ந்த ஓலைதான். உள்ளே கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் பாயிலிருந்து தள்ளியே வையுங்கள், போன ஜனவரியில் ஒரு கத்தை கருகியதை என் பூட்ஸால் மிதித்துத்தான் அணைத்தேன்.