பதிவு எண்ணைக் கேட்டேன்

மூன்று வருஷம் கழித்து லண்டனிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். கல்யாணம், குலதெய்வக் கோயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்கு ஆறாமல் இருப்பது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

தங்கை மகளுக்கு ஆறு வயது. இதயத் தசை தளர்ந்து இதயம் பெருத்துப்போகும் டைலேட்டட் கார்டியோமயோபதி. எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம், 28 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது. சாயங்காலமானால் பாதம் வீங்கிவிடும். கொலுசைக் கழற்றினால் தடம் குழியாக நிற்கும்.

'ஸ்டெம் செல் போட்டால் தசை புதுசாக வளரும், ஒரு டோஸ் நாலு லட்சம்' என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டெம் செல் என்றால் வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல். நான் வந்து சேர்வதற்குள் தங்கை வீட்டுக்காரர் நகையை அடகு வைத்துவிட்டார்.

எங்களிடம் பேசியது டாக்டர்கூட இல்லை. கண்ணாடி அறையில் ஒரு பெண் லேமினேட் செய்த அட்டையை நீட்டி, "ஜப்பானில் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள் மேடம்" என்றாள். போட்டார்கள்தான். ஒகயாமா பல்கலைக்கழகத்தில், குழந்தையின் சொந்த இதயத்திலிருந்தே செல் எடுத்து வளர்த்து. 2020-இல் வெளியான அந்த முதல்கட்டச் சோதனையில் மொத்தம் ஐந்தே குழந்தைகள். இங்கே தருவதோ யாருடைய தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்தது.

"இது ஆராய்ச்சி என்றால் சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?" என்று கேட்டேன். இந்தியாவில் நோயாளிகளிடம் நடத்தும் மருத்துவச் சோதனைகளைப் பதியும் பதிவேடு அது. "டாக்டர் வந்து சொல்வார்." ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. தங்கை என் கையைப் பிடித்து, "சண்டை போடாதே அக்கா" என்றாள்.

ரத்த நோய் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாக மட்டுமே தரலாம், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. லண்டனில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம், அது கொடுமைதான். ஆனால் அங்கே சோதனை என்றால் 'இதனால் உங்கள் குழந்தைக்குப் பலன் இல்லாமலும் போகலாம்' என்று எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லித் தருவார்கள். ஏன், எங்கள் தெரு டாக்டரே அந்தக் காலத்தில், "இது என் கைக்கு மீறினது, தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஃபீஸ் வாங்காமல் அனுப்பியவர்தானே.

"அப்போ வேற வழியே இல்லையா?" என்று திரும்பும்போது காரில் தங்கை அழுதாள். இருக்கிறது. இப்போது சாப்பிடும் மாத்திரையிலேயே தேறிய குழந்தைகள் உண்டு. தேறாவிட்டால் மாற்று இதயத்துக்கு, தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிய வேண்டும்.

மறுநாளே நகையை மீட்டோம். அந்த அட்டையை மட்டும் அவள் தூக்கிப் போடவில்லை. பீரோவில், எக்கோ ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.