ஆறு வருட மாத்திரையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அப்பாவுக்குப் பார்க்கின்சன், அதாவது கை கால் நடுங்கி உடம்பு இறுகும் மூளை நரம்பு நோய், என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. சேலம் அம்மாப்பேட்டையில் வாழ்நாளெல்லாம் பட்டுத்தறி நெய்தவர். லெவோடோபாவும் கார்பிடோபாவும் கலந்த மாத்திரைதான் அன்றிலிருந்து இன்றுவரை. அது இல்லையென்றால் அவரால் சட்டைப் பொத்தான் போட முடியாது. பக்கவிளைவுக்குப் பயந்து தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் இரண்டு மாதம் குமட்டல்தான் படுத்தி எடுத்தது. ஓர் இடத்தில் வாந்திக்கு என்று மெட்டோகுளோப்ரமைடு கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் அப்பா மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டார். உடம்பு அசைவதற்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனம் இந்த நோயில் ஏற்கெனவே குறைவு; அந்த மருந்து மூளையிலேயே அதைத் தடுக்கும், இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. நரம்பியல் டாக்டர் அதை நிறுத்திவிட்டு, ஈசிஜி பார்த்து, கொஞ்ச நாளைக்கு டோம்பெரிடோன் என்ற வேறு வாந்தி மாத்திரை எழுதினார். அதற்கப்புறம் சாதாரணச் சளிக்குப் போனாலும் மாத்திரைச் சீட்டைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

அடுத்தது தலைசுற்றல். எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கிவிடும். ஒரு விடியற்காலை பாத்ரூம் வாசலில் விழுந்தார். இப்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் எழுகிறார். மலச்சிக்கலுக்குக் கீரை, தண்ணீர், சாயங்கால நடை. அதில் பெரிய சிரமம் இல்லை.

மூன்றாவது வருடம் ஒரு குழப்பம் வந்தது. ஒரே மாத்திரை, சில நாள் நன்றாக வேலை செய்யும், சில நாள் சுத்தமாகக் கேட்காது. கம்பெனி மாற்றிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தோம். அப்போதுதான் ஒரு நோட்டு போட்டேன். மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், கை எப்போது இளகியது, எப்போது மறுபடி இறுகியது, அவ்வளவுதான். பத்து நாளில் விஷயம் புரிந்தது. முட்டையோ கெட்டிப் பருப்போ சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்ட நாளெல்லாம் அது வீண். புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் உடம்புக்குள் போக ஒரே வழியில் முட்டிக்கொள்கின்றன. இப்போது சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரை. பருப்பு, முட்டை எல்லாம் ராத்திரிக்கு. டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றினோம். புரதத்தை அடியோடு நிறுத்தக் கூடாது, உடம்பு கரைந்துவிடும்.

நான்காவது வருடம் தோளும் கழுத்தும் தானாக நெளிய ஆரம்பித்தன. நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் அழுதார்கள். நோட்டைப் புரட்டிய டாக்டர், "மருந்து உச்சத்தில் இருக்கும்போதுதானே நெளிகிறது? இது மருந்து அதிகமாவதால் வருவது" என்றார். ஒவ்வொரு வேளைக்கும் போடும் அளவைக் குறைத்து, நாளைக்கு 3 தடவை இருந்ததை 5 ஆக்கினார். நெளிவு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

நடுவில் டோபமினைப் போலவே வேலை செய்யும் பிராமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சேர்த்தபோது, தறிக்குழியில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பதாக அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் மூன்று வாரம் சொல்லவே இல்லை. "பைத்தியம்னு நெனச்சுடுவீங்களோன்னுதான் கண்ணு சொல்லல" என்றார். அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்ததும் பையன் போய்விட்டான். உங்கள் வீட்டிலும் இப்படி மாத்திரை மாற்றினால், இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா, காசைக் கண்டபடி செலவழிக்கத் தோன்றுகிறதா என்று நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்பா இப்போது நெய்வதில்லை. காலை மாத்திரை கேட்ட பிறகு, ராட்டையில் தார், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் நூல், சுற்றிக் கொடுக்கிறார். பதினொன்றரை வாக்கில் இழை அடிக்கடி அறுபட ஆரம்பிக்கும். மூன்றாவது தடவை முடிச்சுப் போடும்போது, "மணி என்ன கண்ணு ஆச்சு?" என்பார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போவேன்.