நியூசிலாந்தில் மோட்டார்ஹோமில் 70 நாள்: பணம் எங்கே போயிற்று

2025 பிப்ரவரி 24 அன்று ஆக்லாந்தில் வண்டியை எடுத்து, மே முதல் வாரத்தில் கிறைஸ்ட்சர்ச்சில் திருப்பிக் கொடுத்தோம். நானும் என் மனைவியும் அந்த 70 இரவுகளையும், ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளமுள்ள, நான்கு பேர் படுக்கக்கூடிய ஒரு டீசல் மோட்டார்ஹோமிலேயே, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டியிலேயே, கழித்தோம். ஒவ்வோர் இரவும் அன்றைய செலவையும் கிலோமீட்டர் அளவையும் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் தொகைகள் அனைத்தும் நியூசிலாந்து டாலர். விமானக் கட்டணமும் விசாச் செலவும் இவற்றில் சேரவில்லை.

மொத்தச் செலவு 23,132 டாலர். நாளொன்றுக்கு 330 டாலர் ஆகிறது. புறப்படும் முன் நான் போட்ட மதிப்பீடு நாளொன்றுக்கு 240 டாலர்தான். விடுதிச் செலவு மிச்சமாகும், சமையல் வண்டிக்குள்ளேயே நடக்கும், ஆகவே மோட்டார்ஹோம் சிக்கனமான வழி என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை முழுப் பொய்யல்ல. ஆனால் எப்படிப் பயணம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அது மெய்யாகிறது.

செலவில் பாதிக்கும் மேல், அதாவது 12,820 டாலர், வாடகைக்கும் வண்டிக் காப்பீட்டுக்கும் மட்டுமே போயிற்று. முதல் மூன்று வாரம் கோடைப் பருவக் கட்டணமாக நாளுக்கு 195 டாலர். அதன்பின் 49 நாள்களுக்கு நாளுக்கு 125 டாலர். அங்கே கோடை டிசம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிறது; வாடகைக்காரர்களின் 'உச்சப் பருவம்' மார்ச் பாதி வரை நீண்டுவிடுகிறது. நாங்கள் மூன்று வாரம் தள்ளிப் புறப்பட்டிருந்தால் ஏறக்குறைய 1,470 டாலர் மிச்சமாகியிருக்கும். ஆயினும் மே மாதக் கடைசியில் தென் தீவின் மலைப்பாதைகளில் பனி விழத் தொடங்கிவிடுமாதலால், மலைகளைப் பார்க்க விரும்புபவர் இதை வெறும் பணக் கணக்காகப் பார்க்க முடியாது.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அடிப்படை ஒப்பந்தத்தில் வண்டிக்கு எது நேர்ந்தாலும் முதல் 7,500 டாலர் நம் பொறுப்பு. அந்தத் தொகையை வண்டி எடுக்கும் நாளிலேயே கடன் அட்டையிலிருந்து பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நாளுக்கு 52 டாலர் கூடுதலாகக் கட்டினால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு 50 நாளுக்கு மேல் இந்தக் கட்டணம் ஏறாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகவே 70 நாளுக்கு நாங்கள் கட்டியது 2,600 டாலர். வெளியில் தனியாகக் காப்பீடு எடுத்தால் இதில் பாதிக்கும் குறைவாகவே முடியும் என்பது உண்மை. ஆனால் 7,500 டாலர் அட்டையில் முடங்கியே இருக்கும். சில நிறுவனங்கள் அதைப் பிடித்து வைக்காமல் உண்மையிலேயே கழித்துக்கொண்டு பிறகு திருப்பித் தருகின்றன. அப்போது போகும்போது ஒரு நாணய மாற்று விகிதம், வரும்போது வேறொரு விகிதம் என்று இருமுறை இழப்பு உண்டாகிறது. எதைத் தேர்ந்தாலும், கூரையும் அடிப்பாகமும் காப்பீட்டில் அடங்குகின்றனவா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படித்தாக வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியைத் தாழ்ந்த கிளைகளுக்கும் கூரைகளுக்கும் அடியில் ஓட்டும் நமக்கு நேரக்கூடிய விபத்து பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது வேறு. புக்காக்கி ஏரிக்கரையில், வடமேற்குக் காற்று பின்னாலிருந்து வீசும்படி வண்டியை நிறுத்திவிட்டு, யோசிக்காமல் ஓட்டுநர் கதவைத் திறந்தேன். காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கியது, கீல் வளைந்துபோனது. முழுக் காப்பீடு எடுத்திருந்தும், கதவைக் காற்றில் விட்டது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் காட்டி நிறுவனம் 640 டாலர் கழித்துக்கொண்டது. மேலே சொன்ன மொத்தத்தில் இது சேரவில்லை. அந்தப் பிரிவு அங்கே இருக்கத்தான் இருந்தது. ஆனால் வண்டியை ஒப்படைத்தபோது அரை மணி நேரம் அடுப்பையும் கழிப்பறையையும் விளக்கியவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதன்பின் வண்டியின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்துவதும், ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே இறங்குவதும் எங்கள் வழக்கமாயின.

அடுத்தது, என் மதிப்பீட்டில் இடம்பெறாமலே போன செலவு. நியூசிலாந்தில் பெட்ரோல் விலைக்குள் சாலைகளுக்கான வரியும் அடங்கியிருக்கிறது. டீசல் விலைக்குள் அது இல்லை. ஆகவே பங்க்கில் டீசல் மலிவாகத் தெரியும். அந்த வரியை டீசல் வண்டிகள் ஓடும் தூரத்தைக் கொண்டு, சாலைப் பயன்பாட்டுக் கட்டணமாகத் தனியே கட்ட வேண்டும், ஆர்.யு.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 3.5 டன்னுக்கு உட்பட்ட டீசல் வண்டிக்கு நாங்கள் போன காலத்தில் 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். எடை கூடினால் விகிதமும் கூடும். வாடகை நிறுவனங்கள் வண்டியைத் திரும்ப வாங்கும்போது மீட்டரைப் பார்த்து, தங்கள் நிர்வாகச் செலவையும் சேர்த்து இதை வசூலிக்கின்றன. நாங்கள் ஓடியது 6,150 கிலோமீட்டர். கட்டியது 550 டாலர்.

டீசல் 744 லிட்டர் செலவாயிற்று. 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டருக்குச் சற்று மேல். அதற்கு 1,490 டாலர். மேற்குக் கரையில் ஹாஸ்ட் போன்ற ஒதுக்குப்புற ஊர்களில் விலை நகரங்களைவிடக் கணிசமாக அதிகம். தெ அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வழியில் எரிபொருளே கிடையாது என்பதால், தெ அனாவிலேயே தொட்டியை நிரப்பிவிடுவது நல்லது.

டீசலையும் சாலைக் கட்டணத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 33 சென்ட் ஆகிறது. முதல் 21 நாளில், கேப் ரெயிங்கா முதல் வெலிங்டன் வரை வட தீவைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், 3,050 கிலோமீட்டர் ஓட்டினோம். அடுத்த 49 நாளில் தென் தீவு முழுவதும் சுற்றியும் ஓடியது 3,100 கிலோமீட்டர்தான். அதாவது, ஓட்டத்தின் செலவு முதல் மூன்று வாரத்தில் நாளுக்கு 48 டாலர். பிறகு 21 டாலர். அதோடு முடியவில்லை. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் பெரிய வண்டியை ஓட்டி வந்த மாலைகளில் எங்களுக்குச் சமைக்கத் தெம்பு இருக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் வெளியே சாப்பிட்டது 13 முறை, மீதி ஏழு வாரத்தில் 9 முறை. இருட்டிய பிறகு இடம் தேடும்போது விலையைப் பார்க்க மனம் வராமல், முதலில் கண்ணில் பட்ட முகாமிலேயே நுழைந்துவிடுவோம். பயணத்தின் வேகம்தான் செலவைத் தீர்மானிக்கிறது என்பதை மனைவியின் புத்தகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இரவு தங்கும் இடங்களுக்கு 2,422 டாலர். 26 இரவுகள் மின்சாரம், வெந்நீர்க் குளியல், சலவை இயந்திரம் எல்லாம் உள்ள தனியார் ஹாலிடே பார்க்குகளில். இருவருக்குச் சராசரியாக 62 டாலர். 27 இரவுகள் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறையான டி.ஓ.சி. நடத்தும் முகாம்களில், சராசரி 30 டாலர். 17 இரவுகள் இலவசம். அவுராக்கி மவுண்ட் குக் அடிவாரத்திலுள்ள வைட் ஹார்ஸ் ஹில் முகாமில் மூன்று இரவு தங்கினோம்; பனிமலைக்குக் கீழே, வண்டியை விட்டு இறங்கியதும் நடைபாதை தொடங்கும் அந்த இடத்தை எந்த விடுதி அறைக்கும் ஈடாக நான் கொடுக்க மாட்டேன்.

இலவசத் தங்கல் என்பதைப் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். 2011-ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு 2023-இல் வந்த திருத்தமும் இதை ஆள்கின்றன. உள்ளாட்சி மன்றங்கள் தத்தம் பகுதிக்கு விதி வகுக்கின்றன. உள்ளாட்சி இடங்களில் வண்டிக்குள் இரவு தங்க வேண்டுமானால், தனித்த கழிவு வசதி கொண்டது என்ற சான்றிதழ் வண்டிக்குப் பொதுவாகத் தேவை. திருத்தத்துக்குப் பின் கழிப்பறை வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். விதி மீறினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர். ஓர் இரவு 30 டாலரை மிச்சம் பிடிக்க அந்த அபாயத்தை ஏற்பதில் பொருளில்லை. எங்கள் 17 இரவுகளும் அனுமதிப் பலகையைக் கண்ணால் படித்த பிறகே தங்கியவை.

இங்கே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. விளக்கு, விசிறி முதலிய உள்வசதிகளுக்கு மின்சாரம் தரும் பேட்டரி, வண்டி ஓடும்போதுதான் நன்றாக ஏறும். ஒரே இடத்தில் நின்றால் குளிர்சாதனப் பெட்டியும் ஹீட்டரின் விசிறியும் இரண்டு நாளில் அதைத் தீர்த்துவிடும். ஏப்ரல் 6 அன்று கோடைக்காலக் கடிகார நேரம் முடிந்த பிறகு மாலைகள் சீக்கிரம் இருட்டின. கூரையிலிருந்த சோலார் பலகையும் போதவில்லை. இருவர் பயன்படுத்தும் கேசட் கழிப்பறையும், அதாவது கழிவுப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் வகைக் கழிப்பறையும், இரண்டரை நாளில் நிரம்பிவிடும். ஆகவே மெதுவாகப் போவது முழுக்க இலவசமாக அமையாது: இரண்டு இரவு மின்சாரம் இல்லாத முகாம், மூன்றாவது இரவு மின் இணைப்புள்ள இடம் என்ற தாளம் எங்களுக்குத் தானாகவே அமைந்தது. அந்த மூன்றாவது இரவிலேயே துணி துவைத்து, தண்ணீர் நிரப்பி, கழிவை வெளியேற்றி, எல்லா மின்கலங்களையும் ஏற்றிவிடுவோம். கழிவு வெளியேற்ற மட்டும் ஹாலிடே பார்க்குக்குப் போக வேண்டியதில்லை. பல ஊர்களில் பொதுக் கழிவு நிலையங்கள் இலவசமாகவே உள்ளன.

வட தீவின் வெலிங்டனிலிருந்து தென் தீவின் பிக்டனுக்கு மூன்றரை மணி நேரக் கப்பல் பயணம். வண்டியின் நீளத்தைக் கொண்டு கட்டணம் போடுகிறார்கள். எங்களுக்கு 390 டாலர் ஆனது. வண்டியை வேறு ஊரில் திருப்பிக் கொடுத்ததற்கு 250 டாலர் வாங்கினார்கள். ஆனால் ஆக்லாந்துக்குத் திரும்பி ஓட்டியிருந்தால் கப்பலுக்கும் டீசலுக்கும் அதைவிட மிக அதிகம் ஆகியிருக்கும். உணவுப் பொருள்களுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் சேர்த்து 3,640, படகுச் சவாரி முதலியவற்றுக்கு 1,150, சலவை, சமையல் எரிவாயு, தொலைபேசி, சுங்கச்சாலை எல்லாம் சேர்ந்து 420. சுங்கச்சாலைகள் வட தீவில் மூன்றே உள்ளன. அங்கே வசூல் சாவடி கிடையாது. ஐந்து நாளுக்குள் இணையத்தில் நாமே கட்டாவிட்டால் அறிவிப்பு வாடகை நிறுவனத்துக்குப் போய், சில டாலர் சுங்கம் பல மடங்கு நிர்வாகக் கட்டணத்தோடு நம் அட்டையில் வந்து விழும். ஏப்ரல் 20 அன்று வந்த ஈஸ்டரும் அதையொட்டிய பள்ளி விடுமுறையும் முகாம்களை நிரப்பிவிட்டன. அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் முன்பதிவு செய்திருக்க வேண்டும்.

உடல்நலக் காப்பீட்டையும் விட்டுவிடக் கூடாது. விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவை ஏ.சி.சி. என்னும் அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கும் பெருமளவு ஏற்கிறது. ஆனால் நோய்க்கோ, பாதியில் நாடு திரும்பும் செலவுக்கோ அது பொருந்தாது.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் வண்டியை வாங்கி, முடிவில் விற்றுவிடலாமா என்று கேட்கலாம். நெல்சன் அருகே ஒரு முகாமில் அப்படிச் செய்திருந்த தம்பதியரோடு இரண்டு மாலைகள் பேசிக்கொண்டிருந்தோம். பதிவுக் கட்டணம், தகுதிச் சோதனை, ஆர்.யு.சி. எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்றாம் தரப்புக் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அவர்கள் எடுத்திருந்தார்கள், எடுக்காமலிருப்பது மடமை என்றும் சொன்னார்கள். அவர்கள் கவலையெல்லாம் விற்பனையைப் பற்றித்தான். இலையுதிர் காலத்தில் எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள். விமானத் தேதி நெருங்க நெருங்க விலை இறங்கும். ஐந்து மாதம் இருந்து, வசந்தத்தில் வாங்கிக் கோடையின் நடுவில் விற்க முடிந்தால் நானும் அதையே செய்வேன். 70 நாளுக்கு வாடகையே சரி.

மீண்டும் போவோம், அதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. அடுத்த முறை மார்ச் பாதியில் கிறைஸ்ட்சர்ச்சிலேயே வண்டியை எடுத்து, தென் தீவை மட்டும், நாளுக்கு 60 கிலோமீட்டருக்கு மிகாமல் சுற்றுவதாகத் திட்டம். அதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மனைவி அதற்கான கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறாள்: நாளுக்கு 270 டாலர்.