மெயில் சர்வர் அமைக்க ஆள் தேடுகிறீர்களா? "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்ற பேச்சை நம்பாதீர்கள்

2018-ல் எங்கள் அலுவலக மெயில் சர்வரை ஒரு ஒப்பந்தக்காரர் அமைத்துத் தந்தார். டெபியன் 9 என்ற லினக்ஸ், அதில் மெயிலை அனுப்பி வாங்கும் எக்ஸிம் மென்பொருள். டெபியன் 9 தயார் பேக்கேஜாகத் தந்தது எக்ஸிம் 4.89. "அது பழசு சார், சோர்ஸ் எடுத்து 4.91 கம்பைல் பண்ணித் தர்றேன்" என்றார்; அதாவது மூல நிரலிலிருந்து அவரே உருவாக்கி நிறுவுவார். அதற்குத் தனிக் கட்டணம், அப்புறம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். மாதாமாதம் "எல்லா அப்டேட்டும் போட்டாச்சு" என்று அறிக்கை வரும்.

அந்த அறிக்கை பொய். அவர் ஓட்டியது டெபியன் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் மட்டும்தான். கையால் கம்பைல் செய்த எக்ஸிம் ஆப்ட்டின் கணக்கிலேயே இல்லை. அதைக் கவனிக்கத்தான் அவருக்குப் பணம் கொடுத்தோம்.

2019 ஜூன் தொடக்கத்தில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் எக்ஸிமில் ஒரு பயங்கரமான ஓட்டையை அறிவித்தது; அதன் பதிவு எண் சிவிஇ-2019-10149. பெறுநர் முகவரிக்குள் ஒரு கட்டளையைச் செருகி அனுப்பினால், சர்வர் அதை ரூட் அதிகாரத்தோடு, அதாவது முழு நிர்வாகி உரிமையோடு, இயக்கிவிடும். 4.87 முதல் 4.91 வரை பாதிப்பு. பிப்ரவரியிலேயே வந்துவிட்ட 4.92-ல் அது இல்லை. டெபியனோ தன் 4.89-க்கே திருத்தம் வெளியிட்டது; வெர்ஷன் எண்ணின் வால் மட்டும் மாறியது. அந்தப் "பழைய" பேக்கேஜை வைத்துப் பாதுகாப்பு அப்டேட்களை ஒழுங்காகப் போட்டவர்கள் தப்பித்தார்கள். கூடுதல் பணம் கொடுத்துப் புதிதை வாங்கிய நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. இயல்பான அமைப்பில் வெளியிலிருந்து தாக்க, இணைப்பை 7 நாள் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்கிறது குவாலிஸ் அறிக்கை. பெறுநரைச் சரிபார்க்கும் வரியை நீக்கியிருந்தால் உடனே தாக்கலாம். எங்கள் கான்ஃபிக் கோப்பில் அந்த வரி இல்லை. ஏன் எடுத்தார் என்று ஒரு குறிப்பும் இல்லை.

விளைவு: நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரானில் நாங்கள் யாரும் எழுதாத வரி, ரூட் கணக்கில் தொலைவிலிருந்து உள்ளே நுழைய யாருடையதென்றே தெரியாத எஸ்எஸ்எச் சாவி, சிபியு முழுக்க எரிகிறது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால், "அது எக்ஸிம் பிரச்சினை சார், நான் என்ன பண்றது?" மறுநாள் சர்வரைத் திரும்ப அமைக்கக் கொட்டேஷன் அனுப்பினார். எனக்கு ஆறவே இல்லை. கம்பைல் செய்தபோது எழுதிய மேக்ஃபைலை, அதாவது எந்தெந்த வசதிகளோடு கம்பைல் செய்வது என்ற அமைப்புக் கோப்பை, கேட்டோம், வைத்துக்கொள்ளவில்லையாம்.

சோர்ஸிலிருந்து போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. பேக்கேஜில் இல்லாத வசதி நிஜமாகவே வேண்டுமென்றால் போடலாம். ஆனால் பாதுகாப்பு அறிவிப்புகளை யார் பார்ப்பது, எத்தனை நாளில் புதிதாகக் கம்பைல் செய்வது என்று எழுத்தில் வாங்குங்கள். மேக்ஃபைலின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஏற்கெனவே சர்வர் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸிம் கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று, டெபியனில் பேக்கேஜ் கணக்கு வைத்திருக்கும் டிபிகேஜி கட்டளையிடம் இன்றே கேளுங்கள். ரெட் ஹேட் வகை லினக்ஸில் அதே வேலைக்கு ஆர்பிஎம். எதையும் சேர்ந்ததல்ல என்று பதில் வந்தால், ஆப்ட்டோ, ரெட் ஹேட் வகையில் அதே வேலையைச் செய்யும் யம்மோ அதைத் தொடப்போவதில்லை.

ரூட் பறிபோன சர்வரில் எக்ஸிமை மட்டும் மாற்றிப் பயனில்லை. நாங்கள் புது டிஸ்க்கில் டெபியனை நிறுவி, அதன் பேக்கேஜையே போட்டு, கடவுச்சொற்கள், சாவிகள் எல்லாவற்றையும் மாற்றினோம். பராமரிப்பு ஒப்பந்தத்தையும் ரத்து செய்துவிட்டோம்.