‘2 ஜிபி’ என்று எழுதினால் எத்தனை பைட்? ஹியூமன்ஃப்ரெண்ட்லியுடன் என் அனுபவம்

பேக்கப் ஸ்கிரிப்ட், லாக் சுழற்சி, அப்லோட் வரம்பு என்று எதை எழுதினாலும் கான்ஃபிக் கோப்பில், அதாவது நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், ஓர் அளவு வந்துவிடும். அதை 2147483648 என்று எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் ஒரு இலக்கம் விட்டுப்போகும். ‘2 ஜிபி’ என்று எழுத விட்டு, அதை நிரல் புரிந்துகொள்வதுதான் முறை. பைத்தான் நிரல்மொழியில் இதற்காக நான் பல வருடங்களாகப் பயன்படுத்துவது ஹியூமன்ஃப்ரெண்ட்லி நூலகத்தின் பார்ஸ்-சைஸ் ஃபங்ஷன்; இப்படி எழுதிய அளவை அது பைட் எண்ணாக மாற்றித் தரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணுக்கும் அலகுக்கும் இடையே இடம் விட்டாலும் விடாவிட்டாலும் படிக்கும். சின்ன எழுத்து, பெரிய எழுத்து பார்க்காது. ‘கிலோபைட்’ என்று முழுதாக எழுதினாலும் சரி. கேபி (KB) என்றால் 1000 பைட், கேஐபி (KiB) என்றால் 1024. பைனரி என்ற ஆர்குமென்ட்டை ட்ரூ என்று கொடுத்தால் கேபியும் 1024 ஆகிவிடும். 1.5 ஜிபி சாதாரணமாக 150,00,00,000 பைட், பைனரியில் 161,06,12,736. ஒரே எழுத்துகள், நடுவில் 11 கோடி பைட் வித்தியாசம். இந்தத் தேர்வை நூலகம் மறைக்காமல் நம் கையில் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கேஐபி, எம்ஐபி வகை அலகுகளைச் சர்வதேசத் தர அமைப்பான ஐ.இ.சி. 1998இலேயே வரையறுத்துவிட்டது. இன்றும் 1 டிபி டிஸ்க் வாங்கி, 1024 கணக்கில் காட்டும் விண்டோஸில் 931 ஜிபி பார்த்துவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி குறை. இது அலகை முழுதாகச் சரிபார்ப்பதில்லை. எம்ஐபி போன்ற தெளிவான அலகு அப்படியே பொருந்தினால் எடுத்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால் முதல் எழுத்தைப் பார்க்கும்: எம் என்று தொடங்கினால் மெகா, அவ்வளவுதான்.

கன்டெய்னர்களை (தனித்தனிப் பொதிகளாக ஓடும் நிரல்களை) நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் பக்கம் போனபோதுதான் இது உறைத்தது. அங்கே மெமரி வரம்பை ‘128 எம்ஐ’ (Mi) என்று எழுதுவார்கள், கடைசியில் பி இருக்காது. குபர்னெட்டிஸ் கணக்கில் அது 13,42,17,728 பைட். ஹியூமன்ஃப்ரெண்ட்லி ‘எம்ஐ’ என்பதை அடையாளம் காணாமல், முதல் எழுத்தை வைத்து 12,80,00,000 என்று சொல்லும். 62 லட்சம் பைட் குறைவு. கேச் அளவு கொஞ்சம் சின்னதாகும், நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. சரி, பைனரியை ட்ரூ ஆக்கிவிடலாமே என்றால், இப்போது ‘128 எம்’ தவறாகிவிடும். குபர்னெட்டிஸில் அது 12,80,00,000 மட்டுமே. நாம் அதைவிடப் பெரிதாக நினைத்துக்கொண்டு மெமரியை நிரப்பினால், வரம்பைத் தாண்டியதற்காகக் கன்டெய்னர் நிறுத்தப்பட்டுவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் எம், எம்ஐ இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். ஐ என்று முடியும் அலகுக்குப் பின்னால் ஒரு பி ஒட்டி அனுப்பினால் சரியாகிவிடுகிறது. இன்னொன்று: அங்கே சின்ன எழுத்து எம் என்றால் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நூலகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதே தாராளத்தால், நேரத்தைக் குறிக்கும் ‘5 மினிட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் அளவுக்கான இடத்தில் வந்துவிட்டால் ஐந்து மெகாபைட் என்று அமைதியாக ஏற்றுக்கொள்ளும். மெகாபிட்டும் மெகாபைட் ஆகிவிடும். ஆனால் எண் விஷயத்தில் கறார்: ‘1,024 கேபி’ என்று கமா போட்டாலோ, முன்னால் கழித்தல் குறி இருந்தாலோ உடனே பிழை எழுப்பும். அந்தக் கறார் அலகிலும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். தவறாக எழுதியவரிடம் அப்போதே சொல்லிவிடுவதுதான் அவருக்குச் செய்யும் உதவி. தசமத்திலும் ஒரு சின்ன உறுத்தல்: ‘1.005 கேபி’ 1005 ஆகாமல் 1004 ஆகும், மிதவைப்புள்ளிப் பெருக்கலில் (கணினி தசம எண்ணைத் தோராயமாக வைத்துப் பெருக்குவதில்) 1005-க்குச் சற்றுக் குறைவாக வந்து, மீதியை வெட்டிவிடுவதால். வரம்புகளுக்கு இது பொருட்டில்லை, துல்லியமான கணக்குக்கு ஆகாது.

மற்ற மென்பொருள்களும் ஒத்துப்போவதில்லை. ரெடிஸ் தரவுத்தளத்தின் கான்ஃபிக்கில் 1கே என்றால் 1000, 1கேபி என்றால் 1024. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கேபியே 1024. பிஎச்பி நிரல்மொழி கடைசி எழுத்தை மட்டும் பார்ப்பதால், அப்லோட் வரம்பை ‘128எம்பி’ என்று எழுதினால் வெறும் 128 பைட் ஆகிவிடும்; 8.2 பதிப்பிலிருந்துதான் எச்சரிக்கையாவது வருகிறது. அதனால் ஒரு மென்பொருளின் கான்ஃபிக்கை இன்னொன்றின் பார்சரால் (எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலால்) படிப்பதை நான் விட்டுவிட்டேன்.

ஹியூமன்ஃப்ரெண்ட்லியை விடவில்லை. 2021இல் வந்த 10.0 பதிப்பே இன்றும் என் ஸ்கிரிப்ட்களில் ஓடுகிறது. அளவை அதனிடம் கொடுக்கும் முன் ஒரு சின்ன ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கும் விதி) வைத்து, நான் அனுமதிக்கும் அலகுகளை மட்டும் உள்ளே விடுகிறேன். அப்புறம், படித்த அளவை நிரல் தொடங்கும்போதே முழு பைட் எண்ணாக லாகில் எழுதிவிடுகிறேன்: ‘2 ஜிபி’ என்று எழுதியவர் பக்கத்திலேயே 200,00,00,000 என்று பார்ப்பார், 1024 கணக்கை நினைத்திருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார். மனிதர்கள் கையால் எழுதும் கான்ஃபிக்குக்கு இந்த நூலகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குபர்னெட்டிஸ் கோப்பைப் படிக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி பார்சர் எழுதிக்கொள்ளுங்கள். இருபது வரிக்குமேல் போகாது.